விக்னராஜா தட்டிய ஆதிதாளம்

ஆஸ்திரேலிய வானொலியில் ஒரு பாட்டை வெற்றிபெற வைத்தவள் நான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஒரேயொரு முறை போடவைத்தேன், அதுவும் அரைகுறையாக.

1976. எங்கள் ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டுப் பின்னறையில் விக்னராஜா வாடகைக்கு இருந்தான். பகலில் கணக்கியல் படிப்பு, மாலையில் ஒலிப்பதிவுக்கூடம் கூட்டும் வேலை. அங்கே நீளமுடிக்காரர் ஐவர் பாட வருவார்கள். அந்த மாதிரிப் பாட்டுக்குச் சாஃப்ட் ராக் என்று பெயர். எனக்குத் தாலாட்டாகத்தான் கேட்டது. அவர்களுடைய முதல் பாட்டு ஊரெல்லாம் ஓடியது. இரண்டாவதற்குக் கைதட்ட ஆள் போதாமல், தும்புத்தடியால் தரை கூட்டிக்கொண்டு நின்றவனையும் மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

இவன் ஆதிதாளம் போட்டிருக்கிறான்! ஒரு தட்டு, பிறகு சத்தமில்லாமல் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மற்றவர்கள் குழம்பி நிறுத்திவிட்டார்கள். பாட்டுக்காரர்களுக்கோ அந்த இடைவெளி பிடித்துப்போய், இவன் தட்டை மட்டும் வைத்துக்கொண்டார்களாம்.

என் தங்கை சத்தியபாமா நம்பவில்லை. அவளைக் கட்டத்தான் அவன் தவம் கிடந்தான்.

"தும்புத்தடிக்காரர் பாட்டிலை தட்டினாராம்! என்ரை காதாலை கேட்டால்தான் கலியாணத்துக்கு ஓம் சொல்லுவன்."

வீட்டில் இசைத்தட்டுப் பெட்டி இல்லை. வானொலியோ முதல் பாட்டை விட்டு நகரவில்லை.

"அக்கா, நீங்கள்தான் காப்பாத்தோணும்," என்றான் விக்னராஜா. "உங்கட இங்கிலீஷுக்கு ரேடியோக்காரன் பயப்பிடுவான்."

தினமும் தொலைபேசியில் கேட்டேன். இலங்கை வானொலிக்குக் கேட்கிற மாதிரியே, விரும்பிக் கேட்போர் என்று சித்தப்பா, மாமி, கைக்குழந்தை வரை ஒரு பெயரும் விடவில்லை. கடைசியில் ஒரு ஞாயிறு மாலை அறிவிப்பாளர் இணங்கினார். பாவம், கனகசபாபதிப்பிள்ளையில் ஏறிச் சிவபாக்கியலட்சுமியில் விழுந்து, அவர் எழும்பி வருவதற்குள் செய்தி நேரம் நெருங்கிவிட்டது.

பாட்டு தொடங்கியது. அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்த குசினியில் மூச்சுக்கூட இல்லை. ஒரு தட்டு! விக்னராஜா வியர்க்க வியர்க்கக் காற்றில் விரல் எண்ணினான். இன்னொரு தட்டு! உடனே செய்தி வந்து பாட்டை விழுங்கிவிட்டது.

"ஓம்," என்றாள் சத்தியபாமா. இரண்டே தட்டில் கலியாணம் முடிவானது.

இதை எழுதும்போது பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தபடி எட்டிப் படித்தவள் சொல்கிறாள்:

"ஏனக்கா புளுகிறீங்கள்? உங்கட சிரிப்பிலை எனக்கு ஒரு தட்டும் கேக்கேல்லை. அந்த மனிசன்ரை விரல் நடுங்கின நடுக்கத்தைப் பாத்துத்தான் ஓம் எண்டனான்."