கிழக்கு நோக்கி முறைத்தல்

எங்கள் பக்கத்தில் வசந்தம் என்ற பருவம் கிடையாது. மழை உண்டு, மழைக்கு முந்திய புழுக்கம் உண்டு, இரண்டிலும் சேராமல் கொல்லாமரம் என்கிற முந்திரி பூத்து ஊரே தும்முகிற மாசி மாதம் உண்டு. ஆகவே வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த என் தங்கையின் கணவர், “மச்சான், வசந்தம் பொறந்தாச்சு. ஈரலக் கவனிக்கணும்” என்றபோது, பாலைவன வெயில் அவரை ஏதோ செய்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவருடன் கட்டட வேலை பார்த்த ஒரு வயதான சீனத் தச்சரின் பாடமாம் அது. வசந்தம் மரத்துக்குரிய பருவம். மரத்தில் நீர் ஏறுவதுபோல மனிதனுக்குள் கோபம் ஏறும். கோபத்தின் இருப்பிடம் ஈரல். அதை உள்ளேயே அமுக்கி வைத்தால் உடம்பு கெடும். முறைப்படி வெளியேற்ற வேண்டும். தச்சருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பொதுவான அரபு, சிமென்ட், கம்பி, சோறு ஆகியவற்றோடு முடிந்துவிடும். பிறகு இவ்வளவு தத்துவமும் எந்த மார்க்கமாக வந்து சேர்ந்தது என்று கேட்டேன். “கையக் காட்டிச் சொன்னாரு” என்றார் மாப்பிள்ளை.

கோபம் அவருக்கு உண்மையிலேயே பெரிய இடைஞ்சலாக இருந்தது. பெருங்கடவிளைப் பக்கம் ஒரு குன்றின் நடுவே அவருடைய வீடு. அவருடைய அப்பா அங்கே குடிகிடப்புக்காரர், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர். நிலச் சட்டம் வந்தபோது குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் கிடைத்தது. நடந்து போக ஒற்றையடிப் பாதை இருந்தது. வண்டி போக இல்லை. முந்தின மழையில் பிரசவ வலி கண்ட என் தங்கையை நாற்காலியில் உட்காரவைத்து ரோடு வரை சுமந்தார்கள். இறக்கத்தில் ஒருமுறை சறுக்கினார்கள். குழந்தை நலமாகப் பிறந்தது. தங்கைதான் யாரையும் மன்னிக்கவில்லை. இந்த விடுப்பு முடிவதற்குள் ஜீப் வருகிற வழி வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் போய் இருந்துகொள்வேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டாள். கணவரை மிரட்டுவதற்கு என் வீடு எதற்கு என்று கேட்டேன். “உனக்க வீடு பெருசுல்லா அண்ணா” என்றாள். அன்று முதல் அந்த வழியின்மேல் எனக்கும் அக்கறை பிறந்தது.

வழிக்கு வேண்டிய துண்டு நிலம், சட்டத்துக்கு முன்னால் குன்று முழுவதையும் வைத்திருந்த முதலாளியுடையது. விலை பற்றித் தகராறே இல்லை. ஒவ்வொரு விடுப்பிலும் மாப்பிள்ளை கேட்கப் போவார். முதலாளி, “உனக்க அப்பன் இந்த முற்றத்துல நிமிந்து நிப்பானால?” என்று தொடங்குவார். மாப்பிள்ளை கோபத்தில் “ஓய்” என்று தொடங்குவார். அத்தோடு அந்த விடுப்பு முடிந்துவிடும். வழக்குப் போடலாம்தான். நிலவழக்கு அலுவலகத்திலேயே நாற்காலி தேய்த்தவன் நான். முன்சீப் கோர்ட், அப்பீல், இரண்டாம் அப்பீல் என்று நடைமுறை முழுவதும் தெரியும். தீர்ப்பு வரும்போது அந்தக் கைக்குழந்தையே பிரசவத்துக்குப் போகிற வயதில் இருக்கும்.

எனவே சீன வைத்தியம். விடியற்காலையில் மாப்பிள்ளை முற்றத்தில் இறங்குவார். குதிரைமேல் இருப்பதுபோலக் கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி நிற்பார். முஷ்டிகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்களைப் பிதுக்கி முறைப்பார். பிறகு ஒரு முஷ்டியை மெதுவாக முன்னால் நீட்டி, ‘ஷூ’வென்று மூச்சை விடுவார். கோழிகள் கிணற்றடிக்கு ஓடும். கடைசியில் விலாவைத் தடவி விட்டுக்கொண்டு முகம் மலர்வார். வசந்தத்தில் தலைமுடியை அவிழ்த்துவிட்டு உலாவ வேண்டும் என்று தங்கைக்கும் ஒரு விதி சொன்னார். “விடியக்காலத்துல தலைய விரிச்சிட்டு நடந்தா இசக்கி ஏறினவளுன்னு சொல்லுவினும்” என்று அவள் கொண்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சிக்கல் திசையில் இருந்தது. வசந்தத்துக்கும் ஈரலுக்கும் உரியது கிழக்கு. கிழக்கே இருந்தது முதலாளியின் மாடி ஜன்னல்.

முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார். போனேன்.

“சாறே, உங்க மச்சினன் தெனமும் எனக்க சன்னலப் பாத்து முறைக்கியான். கையச் சுருட்டிக் குத்தியான்.”

“அது சீனாக்காரனுக்க உடற்பயிற்சியாக்கும்.”

“சீனாக்காரன் எனக்க சன்னலயா பாக்கச் சொன்னான்?”

“கிழக்க பாக்கச் சொன்னாராம்.”

“கிழக்குன்னா மலை வரைக்கும் கெடக்கு. நான் ஒருத்தனா கிழக்கு?”

மாப்பிள்ளையிடம் மேற்கே திரும்பிச் செய்யச் சொன்னேன். மேற்கு நுரையீரலுக்காம், இலையுதிர் காலத்துக்காம், துக்கத்துக்காம். “வழி கேக்கப் போறவனுக்குக் கொஞ்சம் துக்கம் இருந்தா நல்லதுதானே மாப்பிளே” என்றேன். சம்மதிக்கவில்லை.

விடுப்பு முடியப் பதினைந்து நாள் இருக்கும்போது இருவருமாகப் போனோம். எங்களை உட்காரச் சொன்ன கையோடு முதலாளி வழக்கம்போல அப்பன் நிமிர்ந்து நிற்காத கதையை எடுத்தார். நான் ‘ஓய்’க்காகக் காத்திருந்தேன். மாப்பிள்ளை மூச்சை நீளமாக விட்டார். விலாவைத் தடவினார்.

“அது செரிதான் முதலாளி. அப்பனுக்கு முதுகுவலி உண்டு.”

முதலாளிக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. கொஞ்சம் யோசித்து, “பாரின் காசு வந்தா எலிக்கும் வண்டி வேணும்” என்றார்.

“வேணும்தான்” என்று மாப்பிள்ளை சிரித்தார்.

முதலாளியின் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். காரணமும் எனக்குத்தான் புரிந்தது. எங்கள் ஊரில் நிலத் தகராறில் கத்துகிறவனைப் பார்த்து எவனும் பயப்பட மாட்டான். கத்தாமல் இருக்கிறவன் சட்டைப்பையில் உத்தரவு இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் அலுவலகத்திலும் ஸ்டே வாங்கியவன் பின்பெஞ்சில் இருந்து விசிறிக்கொண்டிருப்பான். வாங்காதவன்தான் மேசையில் அடிப்பான். குடிகிடப்புக்காரர்களிடம் வரிசையாகத் தோற்ற முதலாளி அதை என்னைவிட நன்றாக அறிவார்.

என்னை மாட்டுத் தொழுத்துப் பக்கம் அழைத்துப் போனார்.

“சாறே, ஸ்டே வாங்கியாச்சா?”

“இல்ல.”

“பின்ன, விதியா? தீர்ப்பு வந்தாச்சா?”

“ஒண்ணும் இல்ல முதலாளி. சத்தியமாட்டு அந்த உடற்பயிற்சிதான்.”

“நீங்க ஆபீசுகாரரு. சொல்ல மாட்டீரு.”

நான் மறுக்க மறுக்க அவருக்கு உறுதி கூடியது. அரசு ஊழியன் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லி அவர் கேட்டதே இல்லை போலும்.

எருமைக்கு ஒரு பிடி வைக்கோல் எடுத்துப் போட்டார். பிறகு, “கோர்ட்டு சொல்லி நான் குடுத்ததா வரப்பிடாது” என்றார். “மனசறிஞ்சு நானாட்டு குடுக்கியேன். அத நாலாளு அறியணும்.”

நாலு பேரைக் கூட்டினோம். அவர்கள் முன்னால் முதலாளி நிலத்தைக் கொடுக்க, மாப்பிள்ளை கும்பிட்டார். அவருடைய அப்பா கும்பிட்டதுபோல அல்ல, நிமிர்ந்துதான். முதலாளி அதைக் கவனித்தார். மண் வெட்டி வழி சீராகி முதல் ஜீப் மேலே ஏறிய நாளில், தங்கை ஒரு வேலையும் இல்லாமல் கைக்குழந்தையோடு எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு அமரவிளை வரை போய்வருவதென்று கிளம்பினாள். வழி திரும்புகிற இடத்தில் முதலாளி நின்று, ஓட்டுநருக்குக் கை காட்டி, “ஒடிச்சு எடு, ஒடிச்சு எடு” என்று வளைத்துவிட்டுக்கொண்டிருந்தார். தங்கை ஜீப்பை நிறுத்தச் சொன்னாள்.

“முதலாளி, வாறீரா? அமரவிளைக்காக்கும்.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். முன்னால் இருந்த மாப்பிள்ளை பின்னால் போனார். பின்னால் இருந்த எனக்கு இடமில்லாமல் போனது, இறங்கி நடந்தேன்.