ஐஸ் பெட்டியில் பியோனி விதைகள்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் உலைக்கு முன்னால் நின்று வேலை பார்த்தவர் என் கணவர். பியோனி என்ற குளிர்நாட்டுப் பூவின் விதைகளை வரவழைத்து, ஈரமணல் டப்பாவில் புதைத்து ஃபிரிட்ஜில் வைத்தார். "குளிர்ல கெடந்தாதான் மொளைக்கும். நான் சொல்ற வரைக்கும் வெளிய எடுக்காத" என்றார். அடுத்த மாதமே ஆலை விபத்தில் போய்விட்டார்.

அதன்பின் அடித்த புயல் ஓய்ந்த மறுநாளும் கரண்ட் வரவில்லை. ஃபிரிட்ஜுக்குள் கை வைத்தால் வெதுவெதுப்பு. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஓடினேன். முன்பின் தெரியாத ஒரு மீன்காரம்மாவிடம் மட்டும் ஐஸ் இருந்தது.

"இன்னாம்மா, மண்ணத் தூக்கிக்கினு வந்துகீற?"

"எங்க ஊட்டுக்காரர் வெச்ச விதைங்க அக்கா. அவருதான் பூட்டாரு. இதுவும் பூடக் கூடாதுக்கா." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

மீன்காரம்மா பெட்டியிலிருந்த மீனில் பாதியை அள்ளி வெளியே கொட்டினார். அந்த இடத்தில் டப்பாவை வைத்து ஐஸால் மூடினார். "மீனு போனா போவுது. நீ அழுவாத."

கரண்ட் வரும்வரை அந்த அம்மா காப்பாற்றிக் கொடுத்த டப்பாவை நேற்று திறந்தேன். மணலைப் பிளந்துகொண்டு சிவப்பாக ஒரு முளை.

வெளியே எடு என்று சொல்ல அவர் இல்லை. மூடி, மறுபடி ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.