பசை ஊற்றிய மடக்குக்கத்தி

நல்ல எண்ணத்தோடு ஒருவர் நம் பொருளைக் கெடுத்துவிட்டால், அவர்மேல் கோபப்பட நமக்கு உரிமை உண்டா? சில மாதங்களாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதிலும் கிடைக்கவில்லை, கோபமும் போகவில்லை. இந்தக் கேள்வியைக் கிளப்பிய பொருள் எங்கள் பீரோவின் மேல் கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் மடக்குக்கத்தி. என் அக்கா கொடுத்தது. இப்போது அதைத் திறக்க முடியாது.

கீழ்பென்னாத்தூரில் நாங்கள் ஒன்றாக இருந்தபோது, அக்கா பக்கத்து நகரத்தின் செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சாமான் அறையைக் கவனித்துவந்தாள். பார்சல் பிரிக்கவும் கயிறு அறுக்கவும் தேரடி வீதிக் கடையில் இந்தக் கத்தியை வாங்கினாள். வாங்கியதிலிருந்தே அதனிடம் குறை கண்டாள். அலகைக் கைப்பிடியோடு பிணைத்திருந்த ஆணி ஆடியது. அதைத் தட்டி எடுத்துவிட்டு, வேண்டும்போது முறுக்கிக்கொள்ள வசதியாக, சைக்கிள் கடையில் கிடைத்த சின்னத் திருகாணியைப் போட்டாள். கைப்பிடி ஆண்கள் கைக்குச் செய்ததுபோல் பருமனாக இருந்தது. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத் தன் கைக்கு இளைக்க வைத்தாள். வியர்வையில் வழுக்காதிருக்கப் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டினாள். நகம் கொடுத்துத் திறக்கும் பள்ளத்தை அரத்தால் ராவி ஆழமாக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்குத்தும் குச்சியால் மூட்டுக்குள் இருக்கும் தூசியை எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவாள். “ஜாஸ்தி ஊத்தாதடி, கத்திக்கு இன்னிக்குத் தீபாவளி இல்ல” என்பாள், நான் எண்ணெய்ப் புட்டியை எடுத்தால். அம்மா விடமாட்டார். “தலைக்கு எண்ண வைடின்னா வெக்க மாட்டா, கத்திக்கு மட்டும் வெப்பா.” ஆயுத பூஜையன்று எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசும் அம்மாவிடமிருந்து கத்தியைப் பிடுங்கி, கைப்பிடியில் மட்டும் பொட்டு வைப்பாள். “மூட்டுல சந்தனம் போச்சுன்னா சாமி வரும், கத்தி வராதும்மா.”

நான் ஆசிரியை வேலைக்குப் பேருந்தில் போகத் தொடங்கிய அன்று காலையில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் கத்தியை வைத்தாள். “கையில குடுத்தா சண்ட வரும்னு சொல்லுவாங்க. அதான் கீழ வெக்கிறேன், எடுத்துக்க. அப்பவும் நீ சண்ட போடுவ, அது வேற.” எதற்கு என்று கேட்டேன். “கொய்யாக்கா நறுக்கு. நூல் அறு. ஏதாவது ஒண்ணு அறுக்கணும்னா யாரையும் கேட்டுட்டு நிக்காத.” அவ்வளவுதான் சொன்னாள். அதன்பின் அந்தக் கத்தி இல்லாமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை. திருமணமாகி இந்த ஊருக்கு வந்தபோதும் கைப்பையில் அது இருந்தது.

மகள் பிறந்ததும், குழந்தை தூக்கத்தில் பயப்படாதிருக்கப் படுக்கைக்கடியில் இரும்பு வைக்க வேண்டும் என்றார் மாமியார். எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான்; நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் எடுத்தது என் கைப்பையிலிருந்த கத்தியை. வீட்டில் இரும்புக்கா பஞ்சம்? பழைய பூட்டு இருந்தது, கொத்துச் சாவி இருந்தது. பிள்ளை பெற்ற உடம்போடு இதற்கெல்லாம் வாதாடுவதா என்று இருந்துவிட்டேன். மகள் தவழத் தொடங்கிய பிறகு ஒருநாள், மடங்கியிருந்த கத்தியை இழுத்து வாயில் வைத்திருந்தாள். என் கணவர்தான் பார்த்துப் பிடுங்கினார். இனி இதை எடுத்து மேலே வைத்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு அவர் தலையாட்டினார்.

அடுத்த வாரம் டயபர் பாக்கெட்டைப் பிரிக்க அதைத் தேடினேன். படுக்கைக்கடியிலேயே இருந்தது. நகம் கொடுத்து இழுத்தேன். நகம்தான் பெயர்ந்தது.

“திறக்காது” என்றார் கணவர், கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல். “பசை ஊத்திட்டேன்.”

“என்னைக் கேக்கலையேங்க.”

“இதுல கேக்க என்ன இருக்கு? இரும்புதான வேணும், கத்தி எதுக்கு? பாப்பாவுக்கு ஆபத்தில்ல, அம்மாவுக்கும் திருப்தி.”

மாமியார் சமையலறையிலிருந்தே சொன்னார்: “நல்லதுக்குத்தானம்மா பண்ணான். இனிமே பேயும் அண்டாது, வெட்டும் படாது.”

என் கணவர் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல. மூட்டு, அலகு உட்காரும் பள்ளம், அக்கா போட்ட திருகாணியின் தலை என்று எங்கும் பசையை நிரப்பியிருந்தார். திருப்புளி வைக்கக்கூட இடமில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற இடத்திலிருந்து சமையலறை தெரிந்தது. மாமியாரின் அரிவாள்மணை தரையில் நிமிர்ந்து நின்றது. காலை முதல் இரவு வரை அது அப்படித்தான் நிற்கும். மகள் தவழ்ந்து போகும் வழியும் அதுதான். அதற்கு யாரும் பசை ஊற்றவில்லை. கணவரின் சவர பிளேடுகள் ஜன்னல் விளிம்பில் கிடக்கின்றன, அவற்றுக்கும் ஊற்றவில்லை. இந்த வீட்டில் ஆபத்தாகத் தெரிந்தது, மடங்கியே கிடக்கும் என் கத்தி ஒன்றுதான். அன்று நான் “சரிங்க” என்று மட்டும் சொன்னேன். அரிவாள்மணையைத் தூக்கி மேடைமேல் வைத்தேன். மாலையில் அது மறுபடியும் தரைக்கு வந்துவிட்டது.

குழந்தையின் வாயை நினைத்தால் அவர் செய்தது சரியோ என்றும் தோன்றுகிறது. தாயான பிறகும் ஒரு கத்திக்காக இவ்வளவு பொருமுகிறேனே என்று என்னையே கடிந்துகொள்கிறேன். ஆனால் மேலே வைக்கச் சொன்னேன், திறக்க முடியாமல் ஆக்கச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்தும் என்னால் அதை வீட்டில் உரக்கச் சொல்ல முடியவில்லை.

இப்போது பெங்களூரில் இருக்கும் அக்கா, கார்த்திகை தீபத்துக்கு வருகிறாள். நேற்று போனில், “கத்திக்கு ஸ்டீல் திருகு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்டி, துருவே புடிக்காது. வந்து நானே மாத்தித் தரேன். ஒழுங்கா எண்ண விடுறியா, இல்ல உன் தலை மாதிரிக் காயப் போட்டுட்டியா?” என்றாள். சிரித்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் என் கணவரிடம் நேராகவே கேட்டுவிடுவாள்.

வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், தேங்காய் எண்ணெயில் ஊற வைத்தேன். அசையவில்லை. நகப்பூச்சு நீக்கும் திரவம் பசையைக் கரைக்கும் என்கிறார்கள். அக்கா மாட்டிய டியூப் வளையமும் சேர்ந்து கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பீரோவின் மேலிருந்து எடுத்துப் பார்ப்பதும், மறுபடி வைப்பதுமாக இருக்கிறேன். அலகைக் கெடுக்காமல் இதைத் திறக்கும் வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதைவிட இன்னொன்றும் சொல்லுங்கள்: திறந்த பிறகு இதை எங்கே வைப்பது? மகளின் கைக்கு எட்டக்கூடாது. யாரையும் கேட்காமல் என் கைக்கு எட்ட வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா?