மயில் வந்ததாகச் சொன்னது நான்தான்

தாய்மாமனாக இருப்பதற்குப் பெரிய தகுதி எதுவும் வேண்டியதில்லை. மடி இருந்தால் போதும். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் மொட்டை போடுவதும் காது குத்துவதும் மாமன் மடியில் வைத்துத்தான். என் தங்கை மகளுக்கும் அப்படியே நடந்தது. இரண்டு முறையும் அவள் என் வேட்டியை நனைத்தாள்.

மூன்றாம் முறை உட்கார்ந்தபோது அவளுக்கு எட்டு வயது. அசையவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மருந்து ஏற்றத் தொடங்கி, இடையில் சில நாள் நாகர்கோவிலுக்கு அனுப்பிவைத்தபோது, சீக்கிரமே முடி கொட்டும், கூட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம் என்றார் டாக்டர். தலையணையில் கொத்துக்கொத்தாக முடியைப் பார்த்தால் பிள்ளை பயந்துவிடுவாள், முன்கூட்டியே மழித்துவிடலாம் என்று பேசினோம். பேசியது தங்கை, அவள் கணவர், நான். மூவரும் படித்தவர்கள். அதனால் பொய் கொஞ்சம் உருப்படியாகவே வந்தது.

“திருச்செந்தூருக்கு முடி நேர்ச்சைன்னு சொல்லிருவோம்” என்றாள் தங்கை. “நீயே சொல்லுண்ணே. நீ சொன்னாத்தான் அவ நம்புவா.”

அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனை நம்புவதற்கு உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

நாவிதரை வீட்டுக்கே வரச்சொன்னோம். அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள். “கோயிலுக்குப் போகாண்டாமா மாமா?”

“முடிய மட்டும் கொண்டுபோய்க் குடுத்தாப் போரும் மக்கா.”

“எனக்கு வந்திருக்க சூக்கேடுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லியே?”

“ஒரு சம்பந்தமும் கெடையாது” என்றேன். கத்தி தலையில் ஓடிக்கொண்டிருந்தது. என் கை அவள் தாடையைப் பிடித்திருந்தது.

முடியை நாவிதர் வாரியெடுத்துக் கொல்லைப்புறத்துத் தென்னை மூட்டில் புதைத்துவிட்டுப் போனார். மறுநாள் சாயங்காலம் அவள் கேட்டாள். “கொண்டு போட்டியளா மாமா?”

“போட்டாச்சு. கடல்ல.” அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதிக் கெட்ட பழக்கம், வெறும் தகவலாக விட மனம் வரவில்லை. “அலை வந்து எடுத்துட்டுப் போச்சு. ஒரு மயில் வந்து நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு.”

அவள் கண் விரிந்தது. மயில் எந்தப் பக்கமாக வந்தது, தோகை விரித்ததா என்று கேட்டாள். விரித்தது என்றேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளைகள் வார்டில் படுக்கை கிடைத்தது. இரண்டு பக்கமும் கட்டில்கள். எல்லாக் கட்டிலிலும் மொட்டைத் தலைகள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாங்கள் மூவரும் தண்ணீர்க் குப்பியையும் போர்வையையும் அடுக்குவதில் மும்முரமானோம்.

“மாமா.”

“என்ன மக்கா.”

“இவியளுக்கெல்லாம் திருச்செந்தூருக்கா நேர்ச்சை?”

பக்கத்துக் கட்டிலில் குளச்சலில் இருந்து வந்த பையன். கழுத்தில் சிலுவை. அதையும் அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

“சில பேரு வேளாங்கண்ணிக்கும் போவாவ” என்றேன்.

அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. ஊசியோடு வந்த நர்ஸிடம் தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். “அது மருந்து கொண்டாணு மோளே. முடி போகும், பின்னே வரும்” என்றாள் நர்ஸ். மருந்தால்தான் என்கிற அந்த மலையாளம் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைக்குப் புரிய மாமன் தேவையில்லை.

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

“மாமாதான் அப்பிடிச் சொன்னாவ மக்கா” என்றாள் என் தங்கை. அவள் கணவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“நீங்க வெளிய இரிங்க மாமா” என்றாள் பிள்ளை. போய் இருந்தேன். அதற்குப் பிறகான சிகிச்சைக் காலம் முழுக்க நான் அதிகமாகப் பார்த்தது அந்த வராந்தாவைத்தான். வலிக்குமா, கசக்குமா, இன்றைக்கு வீட்டுக்கு விடுவார்களா, எதையும் அவள் நர்ஸிடம்தான் கேட்டாள். நாங்கள் சொன்னதை எல்லாம் நர்ஸிடம் சரிபார்த்தாள்.

பிழைத்துவிட்டாள். அதற்குமேல் கேட்பது பேராசை என்று எனக்கும் தெரியும்.

சிகிச்சை நாட்களில் ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ் அறையில் அடுப்பை ஒளித்து வைத்துக் கஞ்சி காய்ச்சிய அனுபவத்தில், தங்கையும் கணவரும் ஒரு அறக்கட்டளை தொடங்கி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு எடுத்தார்கள். நம் பக்கத்திலிருந்து பிள்ளையோடு வருகிறவர்கள் அங்கே தங்கலாம், சமைக்கலாம். திறப்பு விழாவில் தங்கை பேசினாள். “பிள்ளைட்ட மறைக்கதுல எனக்கு இஷ்டமே இல்ல. எங்க அண்ணன்தான் கேக்கல” என்றாள். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் முன்வரிசையில், வாய் நிறைய உளுந்தவடையோடு இருந்தேன். மறுப்பு தெரிவிக்க வசதிப்படவில்லை.

இப்போது பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. சமூகப்பணி படிக்கிறாள், லீவு நாட்களில் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் நான் போயிருந்தபோது நாலு தாளைக் கையில் கொடுத்தாள். புதிதாக வரும் பெற்றோருக்கான கையேடு. “எழுத்துப் பிழை மட்டும் பாருங்க மாமா” என்றாள். ‘மட்டும்’ கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது.

முதல் தலைப்பு: ‘பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள்.’ அதன் கீழே இப்படி இருந்தது: ‘ஒரு தாய்மாமன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே பொய் சொன்னார். முடியைக் கடலில் போட்டதாகச் சொன்னார். மயில் வந்து பார்த்தது என்றும் சொன்னார். அதன் பிறகு ஊசி போடும்போது பிடித்துக்கொள்ள அந்தப் பிள்ளைக்கு வீட்டார் கை ஒன்றுகூட இல்லாமல் போயிற்று.’

பிழை ஒன்றும் இல்லை. பேனாவை மூட மனமில்லாமல், ‘பொய்’ என்பதற்கு முன்னால் ‘நல்ல எண்ணத்தில்’ என்றும், அதற்கும் முன்னால் ‘வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவின்படி’ என்றும் எழுதினேன். அவள் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள்.

“மயிலும் நல்ல எண்ணத்துலயா மாமா வந்துது?”

“மயில் என் சொந்தச் சரக்கு” என்றேன். “மத்தது உங்க அம்மா சொல்லித்தான்.”

“அம்மாட்ட கேட்டாச்சு. அவ இல்லன்னுட்டா.” சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. நர்ஸிடம் சரிபார்த்த அதே முகம்.

சமையற்கட்டு பத்தடி தூரம்தான், கதவும் கிடையாது. தங்கை பயறு தாளித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியதெல்லாம் கேட்டிருக்கும். நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு எழுதிய இரண்டையும் நானே அடித்துவிட்டுத் தாளைக் கொடுத்தேன்.

“அண்ணே, கஞ்சி எடுக்கட்டா?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.