ஓதி ஊதிய குழாய்

மேலப்பாளையத்துத் தஸ்மியாவுக்குப் பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வகத்தில் வேலை. வேலை என்றால், வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பது. நோயாளியின் ரத்தத்தில் டிஎன்ஏ இழைகளைக் கலப்பாள். இழையின் ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அதை அமுக்கிவைக்கும் பொருள். புற்றுநோய்க்குரிய புரதம் துடிப்பாக இருந்தால் இழையை அறுத்துவிடும். அறுந்தால் பச்சை வெளிச்சம். வருஷக்கணக்கில் யார் யார் ரத்தமோ பச்சையாக ஒளிர்ந்தது. குறித்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

இந்த முறை வந்தது தம்பி நாசரின் ரத்தம். ரத்தப் புற்றுக்கு மருந்தெல்லாம் முடித்து, தலைமுடி திரும்ப முளைத்து, சவூதியில் தம்மாம் நகருக்கு மறுபடி வேலைக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தான். நோய் அடியோடு போய்விட்டதா என்று பார்த்துவிட, அவள்தான் அவனை இந்த ஆய்வில் சேர்த்துவிட்டாள்.

குழாயைத் திறந்தாள். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்துப் பழகிய வாய், சும்மா இருக்குமா? முகக்கவசத்தை இறக்கினாள். ஓதிக் குழாய்க்குள் ஊதிவிட்டாள்.

கருவித் திரையில் பச்சைக் கோடு விறுவிறுவென்று ஏறியது.

அவள் அலறிய சத்தத்தில் ஆய்வகத் தலைவி விஜயஸ்ரீ ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டதும் வந்ததே அவருக்குக் கோபம்!

"கூறு இருக்கா உனக்கு? எச்சில் பட்டாலே இழையை அறுத்துப்போடும்னு தெரியாதா? இது உன் வாயால வந்ததா, அவன் நோயால வந்ததான்னு இனி எப்படிச் சொல்லுதது?"

"என் எச்சில்தான் மேடம். என் எச்சிலேதான்!" அழுதுகொண்டே சிரித்தாள் தஸ்மியா. திட்டு வாங்கி இப்படிச் சந்தோஷப்பட்டவளை அந்த ஆய்வகம் கண்டதில்லை. யா அல்லா, தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும் என்று பஸ்ஸில் வீடு வரைக்கும் கெஞ்சிக்கொண்டே போனாள்.

மறுநாள் நாசர் வந்து, மறுபடி ரத்தம் எடுக்க அக்காவிடம் கையை நீட்டினான்.

"நேத்து குடுத்த ரத்தம் என்னாச்சு லாத்தா?"

"நான்தாம்லே கெடுத்துட்டேன்."

"நல்ல ஆளா பார்த்துத்தான் வேலைக்கு வச்சிருக்காவ!" என்று சிரித்துவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

இம்முறை முகத்தில் இரண்டு கவசம். ஓதவில்லை, உதட்டைக் கடித்து மூச்சையும் அடக்கிக்கொண்டாள். எச்சில் பட்டிருந்தால் காட்டிக்கொடுக்க, ரத்தம் கலக்காமல் இழைகள் மட்டும் போட்ட குழாய் ஒன்றையும் பக்கத்தில் வைத்தாள். அது இருட்டாகவே கிடந்தது. நாசரின் குழாய் பச்சையாக ஒளிர்ந்தது. பாவி மகள், எங்காவது ஒரு தப்பு அகப்படாதா என்று எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

நாசர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "என்ன லாத்தா, இன்னைக்கும் கெடுத்துட்டியா?"

"இல்லலே," என்றாள். "இன்னைக்குச் சரியாத்தாம்லே செஞ்சேன். வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."