கொன்ஸ்ரன்ரைனின் ஊசியும் குளிசையும்

கொன்ஸ்ரன்ரைன் அண்ணை கொக்கிளாய்க் களப்பில் இறால் பிடித்தவர். எண்பத்து நான்கில் இராணுவம் விரட்ட ஊரோடு எழும்பி, பல இடம் மாறி, கடைசியில் உடையார்கட்டில் கொட்டில் போட்டிருந்தார். தொண்ணூற்றேழில் விழுந்த ஷெல் அவருடைய இடதுகாலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனது. நான் அப்போது அங்கே ஒரு சிறிய சிகிச்சை நிலையத்தில் மருந்து கொடுப்பவன். புண் கட்டும்போது அவர் கத்துவார். டொக்குத்தர் எழுதியபடி நோவுக்குப் பெதடின் ஊசி போட்டுவிடுவேன். ஐந்து நிமிடத்தில் முகம் மலர்ந்துவிடும்.

புண் ஆறியது. ஆனால் இல்லாத பாதம் எரிகிறது என்றார். எரிவுக்கு ஊசி, நித்திரைக்கு டயசிபாம் குளிசை என்று ஒன்றரை வருடம் போனது. நாங்கள் ஊசியைக் குறைத்தபோது வேறெங்கோ தேடிப் போட்டுக்கொண்டார். கிடைக்காத நாட்களில் குளிசையைக் கூட்டினார்.

“ரெண்டும் சேர்ந்தால் வள்ளத்திலை கிடக்கிற மாதிரி இருக்கு, தம்பி” என்று ஒருநாள் சிரித்தார்.

அன்றைக்கே நான் டொக்குத்தரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் மலேரியாக் காய்ச்சல்காரர் நிறையப்பேர் நின்றார்கள். சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்பதில் மருந்து லொறி வாரக்கணக்காக வரவில்லை. ஊசி எங்கேயும் இல்லை. அவருடைய மனைவி சுசிலா அக்கா அதையே நல்ல சந்தர்ப்பமாக எடுத்தார். “ஊசிதான் முடிஞ்சுதே. குளிசையும் வேண்டாம். எல்லாத்தையும் ஒரேயடியா விடுவம்” என்று மிச்சமிருந்த குளிசைகளை மலகூடக் குழிக்குள் கொட்டிவிட்டார். அண்ணையும் தலையாட்டினாராம்.

அடுத்த நாளே கொட்டாவியும் மூக்கோட்டமும் தொடங்கின. மேலெல்லாம் புல்லரித்தது. வயிற்றாலை போனது. இருந்த காலும் இல்லாத காலும் சேர்ந்து உதைத்தன. அவர் பாயைக் கடித்துக்கொண்டு கிடந்தார். சுசிலா அக்கா கஞ்சித்தண்ணீரும் செபமாலையுமாகப் பக்கத்தில் இருந்தார். ஐந்தாம் நாள் அடங்கியது. எழும்பியிருந்து கஞ்சி குடித்தார்.

அக்கா நடந்தே எங்களிடம் வந்தார். “ஊசி விட்டுட்டுது, தம்பி. மாதா காப்பாத்திப்போட்டா” என்று என் கையைப் பிடித்து அழுதார். எனக்கும் சந்தோஷம். குளிசையைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஏழாம் நாள் அவருடைய கைகள் நடுங்கின. கொட்டிலின் கூரைத் தறப்பாள் முழுக்க எறும்பு ஊருகிறது என்று தட்டினார். மனைவியைப் பார்த்து “நீங்கள் ஆர்?” என்று கேட்டார். ஒன்பதாம் நாள் காலையில் முற்றத்தில் விழுந்து, பல் இறுகி, வலிப்பெடுத்தது. உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வாசலிலேயே இரண்டாவது வலிப்பு வந்தது.

டொக்குத்தர் விபரம் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “ஊசி நிண்டால் ஆள் துடிப்பார், அஞ்சாறு நாளிலை அடங்கும். குளிசை அப்பிடியில்லை, அம்மா. கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கவேணும். திடீரெண்டு நிப்பாட்டினால் பிந்தித்தான் காட்டும், வலிப்பும் வரும்.”

“எனக்கு ஆர் சொன்னது, டொக்குத்தர்?” என்றார் அக்கா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓமக்கா.”

அக்கா திரும்பிப் போய் அண்ணையின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

வலிப்பை நிறுத்துவதற்கும் அதே டயசிபாம்தான் வேண்டும். எங்கள் அலுமாரியில் ஒன்றுகூட இல்லை. நான் சைக்கிளில் புதுக்குடியிருப்புக்குப் போனேன். நாலு இடத்தில் கெஞ்சி, ஒரு கன்னியாஸ்திரியிடம் பதினொரு குளிசை வாங்கிவந்தேன். அதற்குள் இன்னும் இரண்டு வலிப்பு வந்து, நாக்குக் கிழிந்திருந்தது. குளிசையைக் கரைத்துக் கொடுத்தோம். பிறகு பாதியாக, காலாக வெட்டிக் கொடுத்தோம். லொறி வரும்வரை ஒவ்வொரு துண்டுக்கும் பயந்தோம்.

உயிர் தப்பினார். ஆனால் பழைய ஆள் வரவில்லை. வலைக்கண்ணுக்கு முடிச்சுப்போட விரல் ஒத்துழைக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு எங்கேயோ போய்விடும். பாதம் மட்டும் எரிந்துகொண்டேயிருந்தது.

இரண்டாயிரத்தில் ஒரு மத்தியானம் ஊன்றுகோலோடு வந்து வாசல் வாங்கில் உட்கார்ந்தார். போகும்போதுதான் கேட்டார்:

“தம்பி, ஊசி ஒண்டு இருக்கோ? ஒண்டே ஒண்டு.”

இருந்தது.

“இல்லையண்ணை” என்றேன்.

அவர் அலுமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனார்.