சட்டை அட்டையில் ஒரு கையெழுத்து

“...அதான் சொல்றேன்க்கா, இது அவரு போட்டதே இல்ல. எவனோ நடந்துகினே கிறுக்கிகீறான்.”

செங்கல்பட்டு மண்டபம் ஒன்றில், அரிய பொருள் சேகரிப்பவர்கள் வைத்த கண்காட்சி. கையெழுத்து மேசைக்குப் பொறுப்பான புதுப்பட்டினத்துக் கடைக்காரர், நடிகர் ஒருவர் கையெழுத்துப் போட்ட என் அட்டையை ஒரே விரலால் தள்ளினார். எது அசல் என்பதில் அங்கே அவர் சொல்தான் முடிவு. அவர் மறுத்தால் ஊருக்குள் நான் போலி விற்கிறவள்.

கிறுக்கல் என்றது தப்பில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் படப்பிடிப்பு நடந்தபோது என் இஸ்திரி வண்டி அங்கேதான் நின்றது. இஸ்திரி போட்ட சட்டையை வாங்கிப்போக அந்த நடிகரே வந்தார். புதுச் சட்டைக்குள் இருந்த அட்டையை உருவி நீட்டினேன். வண்டி விளிம்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். காற்று இழுத்ததில் கடைசி எழுத்து சறுக்கிக்கொண்டு போனது.

“எத வச்சி சொல்ற அண்ணாத்த?”

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ‘அசல்’ என்ற சீட்டோடு இருந்த, அதே நடிகரின் கையெழுத்துள்ள இரண்டு புகைப்படங்களைக் காட்டினார். “பாரு, இன்னா சுத்தமா கீது. ரெண்டும் ஒரே மாதிரி. அவரு கையெழுத்துன்னா இப்டித்தான்.”

அந்த ‘ஒரே மாதிரி’தான் என்னை உசுப்பியது. நாள் முழுக்கச் சட்டை மடிக்கிறவள் நான். ஒரே கை மடித்த இரண்டு சட்டைகூட அச்சு அசலாய் வந்ததில்லை.

புகைப்படங்களைக் கேட்டு வாங்கினேன். பட்டுப்புடவை மடிப்புக்குள் வைக்கும் மெல்லிய தாளில்தான் என் அட்டையைச் சுற்றி வைத்திருந்தேன். அந்தத் தாளை ஒரு படத்தின்மேல் விரித்து, அவர் பென்சிலாலேயே கையெழுத்தைப் படியெடுத்தேன். அடுத்த படத்தின்மேல் நகர்த்தினேன். ஒரு புள்ளி விலகவில்லை.

“மனுசன் கையி ரெண்டு தபா இப்டி போடுமா? இது அச்சு அண்ணாத்த.”

“பேஜாரு பண்ணாதக்கா. இது அச்சுன்னா உன்னுது அசலாயிடுமா?”

“ஆவாது. ஆனா என்னுத இத வச்சி அளக்காத. இன்னொருத்தர் போட்டுக் குடுத்தத நான் கொண்டாரல. எதிர்லயே நின்னு பாத்தேன். என் அட்டைய ஒதுக்கணும்னா, இந்த ரெண்டையும் மொதல்ல ஒதுக்கு. அதுவரைக்கும் நவுர மாட்டேன்.”

பின்னால் வரிசை நீண்டது. நான் நகரவில்லை.

அவர் புகைப்படங்களின் முதுகைக் கட்டைவிரலால் தடவினார். வழவழவென்றிருந்தன. என் அட்டையின் முதுகைத் தடவினார். பேனா அழுத்திய மேடு விரலில் தட்டியது. படங்கள் இரண்டையும் தன் பைக்குள் போட்டார். சீட்டில் ‘அசல்’ என்பதை அடித்துவிட்டு, கீழே ‘போடும்போது பார்த்தவர் பக்கத்தில் நிற்கிறார்’ என்று எழுதினார். பிறகு கண்ணாடியைத் தூக்கி, என் அட்டையை உள்ளே வைத்தார்.